ஒரு முழம் வெளியே, மீதி மணலில்

என் முதுகலை ஆய்வேட்டின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. முளை எண், நட்டபோது மணலுக்கு மேல் இருந்த உயரம், வெள்ளத்துக்குப் பின் இருந்த உயரம் என்று மூன்று பத்திகள். நான்காவது பத்தியின் தலைப்பு ‘சொன்னவர்’. நிலவியல் துறை அலமாரியில் இருக்கும் வேறெந்த ஆய்வேட்டிலும் அந்த நான்காவது பத்தியை நான் பார்த்ததில்லை. இப்போது நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஆறுகள் எல்லாம் நீலக் கோடுகளாகச் சுவரில் தொங்குகின்றன. பெண்ணையாற்றுக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பத்திதான் நினைவுக்கு வருகிறது.

அறுபதுகளின் தொடக்கம். சென்னையில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வீடு விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில். அப்பா கார்டு. பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் தொங்கும். வண்டி கிளம்பும் முன் பெட்டி பெட்டியாகப் பார்த்து எழுதுவது அவர் தொழில். அதைப் பார்த்து ஏழு வயதில் நான் என் பள்ளிக்கூடப் பைக்குள் இருப்பதைத் தினமும் எழுதத் தொடங்கினேன். சிலேட்டு ஒன்று, பலப்பம் இரண்டு, புளியங்கொட்டை பதினொன்று. அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. நிலவியலுக்கு நான் போனதற்கே, அந்தப் பாடத்தில் எல்லாவற்றையும் வரிசைப்படுத்த விடுவார்கள் என்பதுதான் காரணம் என்று அக்கா சொல்வாள்.

எங்கள் வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். எனக்குப் பின்னால் வந்த வகுப்பில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். பெண்களுக்கு ஆய்வகம் போதும், பாறையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்து எழுதினால் பட்டம் வந்துவிடும் என்பது எங்கள் பேராசிரியரின் எண்ணம். கெட்ட எண்ணம் இல்லை. வெயிலில் யாராவது மயங்கி விழுந்தால் தகப்பனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நான் மூன்று மாதம் விடாமல் கேட்டேன். கடைசியில் ஒருநாள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஒரு பருவம். ஒரு மழை. அளவு ஒழுங்காக வந்தால் ஆறு உனக்கு. வராவிட்டால் திரும்பி வந்து நுண்ணோக்கி முன்னால் உட்கார வேண்டும். உனக்கு மட்டுமில்லை, பின்னால் வருகிற அந்த இரண்டு பேருக்கும் இதுதான் பதில்."

அந்த இரண்டு பேரும் வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி சின்னது. விழுப்புரத்துக்குத் தெற்கே பெண்ணையாற்றில் மழைக்காலம் முடிந்து ஓட்டம் நின்ற பிறகும் மணலுக்கடியில் நீர் இருக்கும். கரையோர ஊர்க்காரர்கள் ஆற்று மணலில் நீளமாகப் பள்ளம் வெட்டி, அதில் ஊறும் தண்ணீரைத் தங்கள் வாய்க்காலுக்குத் திருப்புவார்கள். அதற்கு ஊற்றுக்கால் என்று பெயர். ஒவ்வொரு வெள்ளமும் அதைத் தூர்த்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் மறுபடி வெட்டுவார்கள். இத்தனை தலைமுறை வெட்டிய கை ஆற்றை மாற்றியிருக்கிறதா, இல்லை ஆறு அதை ஒரே வெள்ளத்தில் மறந்துவிடுகிறதா? இதுதான் கேள்வி.

மட்டம் பார்க்கும் கருவி துறையில் ஒன்றுதான் இருந்தது. அதை வெளியே எடுத்துப் போக எனக்கு அனுமதி இல்லை. அதனால் முளைகள். நான்கடி நீளச் சவுக்குக் கழிகளை ஆற்றின் குறுக்கே மணலில் நட்டு, மழைக்கு முன் எவ்வளவு வெளியே தெரிகிறது, மழைக்குப் பின் எவ்வளவு தெரிகிறது என்று அளப்பது. குறைந்தால் மணல் ஏறியிருக்கிறது. கூடினால் இறங்கியிருக்கிறது.

முளைகள் திண்டிவனத்தில் தயாராயின. அக்கா அங்கே பள்ளிக்கூட ஆசிரியை. அவள் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுபவர், கிளியனூர்ப் பக்கம் யாரையோ பிடித்து நல்ல கழியாக வெட்டி வாங்கி வந்தார். பின்கட்டில் வைத்து நானும் அவரும் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக வர்ணம் அடித்தோம். ஒவ்வொன்றின் தலையிலும் எண் எழுதினேன். மொத்தம் இருபத்து நான்கு.

"லெவல் கிராஸிங் கேட்டு மாதிரியே இருக்குது. உங்கப்பாவுக்குப் பொண்ணுதான் நீ" என்றார் மாமா.

"அடிக்கிற வர்ணத்த சீக்கிரம் அடிங்க. வடகம் காயப்போட எடம் இல்ல" என்றாள் அக்கா. என் மணல் சல்லடைகளும் அவள் மாவு சல்லடையும் ஒரே ஆணியில் தொங்கியதைப் பற்றி அவள் தனியாகச் சொன்னதை இங்கே எழுதவில்லை.

ஆவணியில் ஒரு காலை, மாமாவும் நானும் வண்டி பிடித்து முளைகளை ஆற்றுக்குக் கொண்டுபோனோம். அந்தக் காலை எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. ஆறு முழுக்க மணல். எதிர்க்கரைப் பனைமரங்கள் விரல் அளவுக்குத் தெரிந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் மேல்மணல் சுட்டது, நாலு விரற்கடை கீழே குளிர்ந்தது. ஒரு பாட்டில் தண்ணீர், அளவு நாடா, குறிப்பேடு, அக்கா துணியில் கட்டிக் கொடுத்த, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேகவைத்த வேர்க்கடலை. இருபத்திரண்டு வயதில் எனக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

புல் அறுக்க வந்திருந்த ஒரு பெண்மணி அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு கிட்டே வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். கூலி வேலை செய்பவர். ஊற்றுக்கால் வெட்டும்போது, ஆள் அனுப்ப முடியாத வீடுகளுக்காக இவர் போய் வெட்டிக் கொடுப்பாராம். படித்த பெண் என்றால் ஆசிரியை என்பது அவர் முடிவு.

"இன்னா டீச்சர்ம்மா, ஆத்துக்குப் பங்கு பிரிக்கிறியா?"

"இல்லக்கா. மணல் எவ்வளவு ஏறுது எறங்குதுன்னு பாக்கப் போறேன்."

அதற்குள் ஊற்றுக்கால் வேலையை முன்னின்று நடத்தும் விவசாயியும் வந்துவிட்டார். தலையில் துண்டு, வாயில் வெற்றிலை.

"அது எங்களுக்கே தெரியுமேம்மா. வெள்ளம் வந்தா ஏறும். நாங்க வாரினா எறங்கும்."

"எவ்வளவுன்னு தெரியணும் அண்ணா."

"தெரிஞ்சி?"

"எழுதணும்."

"எழுதி?"

"பட்டம் கொடுப்பாங்க."

அவர் மாமாவைப் பார்த்தார். "நாங்க வருசா வருசம் வாரிக்கினு கெடக்குறோம், எங்களுக்கு ஒரு பட்டமும் காணோம். செரி, நடும்மா, நடு."

அந்தப் பெண்மணி நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மூன்று வரிசை, வரிசைக்கு எட்டு. ஒவ்வொரு முளையையும் பதினெட்டு அங்குலம் வெளியே தெரியும்படி நட்டேன். பேராசிரியர் மீட்டரில்தான் கேட்பார். அதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பதினெட்டு அங்குலம் என்பது ஒரு முழம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி ஒரு நொடிகூட நான் யோசிக்கவில்லை.

முளைகளுக்கு வரக்கூடிய ஆபத்துகள் என்று குறிப்பேட்டில் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். மாடு இடிப்பது. விறகுக்குப் பிடுங்குவது. பிள்ளைகள் விளையாட எடுப்பது. வெள்ளத்தில் போவது. பட்டியலைப் பார்த்துக்கொண்டே அவர்களிடம் கேட்டுக்கொண்டேன்.

"யாரும் புடுங்காம பாத்துக்குங்கண்ணா."

"உன் குச்சிக்கு நாங்க பொறுப்பும்மா. ஜல்தியா ஊர் போய்ச் சேரு, வெயில் ஏறுது" என்றார் அவர்.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடுதியில் இருந்தபடி தினமும் செய்தித்தாளில் பெண்ணையாறு என்ற சொல்லைத் தேடினேன். கார்த்திகையில் அப்பா எழுதிய கடிதத்தில், பாலத்தின்மேல் வண்டியை மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. என் இருபத்து நான்கும் அந்தத் தண்ணீருக்கடியில் இருந்தன.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போய், பண்டிகை முடிந்த மறுநாளே ஆற்றுக்குப் போனேன். ஊர் இன்னும் கொண்டாட்டத்தில் இருந்தது. ஆற்றில் ஆள் இல்லை. ஓர் ஓரமாகத் தண்ணீர் மெல்லியதாக ஓடிக்கொண்டிருந்தது. முளைகள் நின்றன. ஒவ்வொன்றும் நேராக, படை மாதிரி நின்றன. பக்கத்தில் ஊர்க்காரர்கள் புதிதாக நட்டிருந்த குச்சிகள் வேறொரு வரிசையில் போயின. அவற்றின் உயரமும் என் முளைகளின் உயரமும் ஒன்றாக இருந்ததைப் பார்த்து, அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். குறிப்பேட்டில் அப்படியே எழுதியும் இருக்கிறேன்.

அளந்தேன். பதினெட்டு. பதினெட்டேகால். பதினேழே முக்கால். பதினெட்டு. வடகரை ஓரத்து முளைகளில் மட்டும் பதினாறரை. ஈச்சம் புதருக்குள் இருந்த பதினேழாம் எண் ஒன்றுதான் வரிசை கெட்டது. நாலே அங்குலம் வெளியே தெரிந்தது, சாய்ந்தும் இருந்தது. முள்ளில் கை கீறிக்கொண்டு அதை அளந்துவிட்டு எழுதினேன்: ‘மாடு மிதித்தது. விலக்கு.’

அவ்வளவு பெரிய வெள்ளம், ஆனால் ஆறு அசையவில்லை. சென்னைக்குத் திரும்பும் ரயிலிலேயே அத்தியாயத்தைத் தொடங்கிவிட்டேன். வெட்டும் கையும் நிரப்பும் வெள்ளமும் ஒன்றையொன்று சரிசெய்து ஆறு ஒரு சமநிலைக்கு வந்திருக்கிறது என்றும், வடகரை ஓரமாக ஒன்றரை அங்குலம் மட்டும் மணல் படிந்திருக்கிறது என்றும் எழுதினேன். அந்த ஒன்றரை அங்குலத்துக்கு மட்டும் இரண்டு பக்கக் காரணம். தட்டச்சு செய்து கொடுத்தேன். பேராசிரியர் மூன்று நாளில் திருப்பிக் கொடுத்தார். ஓரத்தில் பென்சிலில் ‘மிக நன்று’. அடுத்த வகுப்பு இரண்டு பேரும் அந்தப் பென்சில் எழுத்தை வாங்கிப் பார்த்தார்கள். ஒருத்தி அதை விரலால் தொட்டுக்கூடப் பார்த்தாள்.

மாசியில் மணல் மாதிரிகள் எடுக்கவும் ஊர்க்காரர்களுக்கு நன்றி சொல்லவும் மறுபடி போனேன். ஊற்றுக்கால் வேலை நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு ஓர் ஆள், மண்வெட்டியும் கூடையுமாக வரிசையாக நின்று வாரிக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததைப் பார்த்ததும் அந்த விவசாயி மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"வாம்மா. குச்சியெல்லாம் பாத்தியா? எப்படிக் கீது?"

"பாத்தேண்ணா. ஒண்ணத் தவிர எதுவும் சாயல. ரொம்ப நன்றி."

"சாயலியா!" என்று சிரித்தார். "ஏ, டீச்சரம்மா இன்னா சொல்லுது கேளு. சாயலியாம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. புல் அறுக்க வந்த அந்தப் பெண்மணி கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"யம்மா, வெள்ளம் வடிஞ்சி வந்து பாத்தா உன் குச்சி கெடந்த கெடை இருக்குதே! இந்தப் பக்கம் மூக்கு முட்டப் பொதைஞ்சி கெடக்குது. அந்தப் பக்கம் வேர் தெரிய நிக்குது, தொட்டா உழுந்துடும். ஒண்ணு அர மைலு கீழ போயி கருவேலத்துல மாட்டிக்கினு இருந்துச்சி, இவுருதான் எட்துக்கினு வந்தாரு. பங்கு பிரிக்க வந்த அன்னிக்கே எல்லாத்தையும் புடுங்கி சரியா நட்டுட்டோம்."

"சரியான்னா?"

"ஒரு மொழம் வெளிய, மீதி மணல்ல. நீ நட்டது அப்படித்தானே?"

 அவர்கள் வழக்கத்தை அந்த விவசாயி எடுத்துச் சொன்னார். ஊற்றுக்காலை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு குச்சி நடுவார்கள். குச்சி ஒரு முழம் வெளியே நிற்க வேண்டும். யாருடைய குச்சி சாய்ந்தாலும் பார்த்தவன் நிமிர்த்திவிட்டுத்தான் போக வேண்டும். பார்த்தும் போனால் அது பெரிய குற்றம், அடுத்தவன் பங்கைத் தின்ன நினைத்தான் என்று பேச்சு வரும். என் முளையை அப்படி விட்டுவிட்டுப் போக அவர்களால் எப்படி முடியும்?

"வடக்கோரம் யார் நட்டீங்க?" என்று கேட்டேன். 

"நாங்க பொம்பளைங்கதான். ஏன், கோணலா கீதா?"

அவர் கையை வாங்கி, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை நாடாவை வைத்துப் பார்த்தேன். பதினாறரை அங்குலம். என் இரண்டு பக்கக் காரணம் அந்தக் கையில் இருந்தது.

அவர்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஈச்சம் புதரைக் காட்டி, "அத மட்டும் ஏன் நடல?" என்று கேட்டேன்.

"முள்ளும்மா. யாரு உள்ள போவா? மன்னிச்சிக்கோ."

விழுப்புரம் வந்து சேரும்வரை பேருந்தில் ஒரு பட்டியல் மனத்தில் ஓடியது. அத்தியாயம் கொடுத்தாகிவிட்டது. பேராசிரியருக்குப் பிடித்திருக்கிறது. ஊர்க்காரர்கள் சென்னைக்கு வந்து சொல்லப் போவதில்லை. என் இருபத்து நான்கு எண்களையும் இனி யாரும் சரிபார்க்க முடியாது, ஏனென்றால் வெள்ளம் விட்டுப்போன மணலை இன்று காலை முதல் மண்வெட்டி வாரிக்கொண்டிருக்கிறது. சொன்னால் ஆறு போய்விடும். எனக்குப் போவதோடு அந்த இரண்டு பேருக்கும் போய்விடும்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"வண்டி நாப்பது நிமிஷம் லேட்டு. நான் சரியான நேரம்னு எழுதினா வண்டி சீக்கிரம் வந்துடுமா?"

"நான் பொய்யா எழுதலப்பா. தெரியாம எழுதினேன்."

"நேத்து வரைக்கும் தெரியாது."

மறுநாள் மறுபடி ஆற்றுக்குப் போனேன். இந்த முறை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சாய்ந்ததும் புதைந்ததும்தான் எனக்கு வேண்டிய செய்தி என்று நான் சொன்னபோது வரிசை முழுக்க மண்வெட்டியை ஊன்றி நின்றது. விவசாயி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?"

"சொல்லணும்னு தோணல."

"பேஜாரா பூட்சே. இப்ப இன்னா பண்றது?"

"எந்தக் குச்சி எது வரைக்கும் பொதைஞ்சி இருந்துச்சின்னு ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. பிடுங்கிய கைகள் ஆயிற்றே. முளையைப் பிடுங்கிக் கையில் கொடுத்தால், ஒவ்வொருவரும் வர்ணப் பட்டையில் விரலை வைத்துக் காட்டினார்கள். ‘ரெண்டாவது சேப்புக்குப் பாதி.’ ‘வெள்ளை தெரியல.’ ஒருவர் காட்டியதை மற்றவர் பார்க்காதபடி தனித்தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"போலீஸ் கணக்கா கேக்குது பாரு" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

"உன்ன உள்ள போடாம இருந்தா செரி" என்றார் அந்தப் பெண்மணி.

பதிமூன்று முளைகளுக்கு இரண்டு பேர் சொன்னது ஒத்துப்போயிற்று. ஐந்துக்கு ஒருவர் மட்டும். ஐந்து யாருக்கும் நினைவில்லை. பதினேழாம் எண்ணை யாரும் தொடவே இல்லை. அதற்கு அருகே இருந்த இரண்டு முளைகளுக்கு அந்தப் பெண்மணி காட்டிய உயரமும், முள்ளுக்குள் தப்பித்து நின்ற அந்த நாலு அங்குலமும் அருகருகே வந்தபோது, மணலில் உட்கார்ந்து அந்த மூன்று எண்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாடு மிதித்தது என்று நான் தள்ளிவைத்தது ஒன்றுதான் உண்மையான அளவு.

ஆறு அசையாமல் இல்லை. ஆண்டுதோறும் வாரிய மணலை, வடகரையை ஒட்டி ஓடும் ஊற்றுக்காலின் தெற்குப் பக்கமே குவித்துக் குவித்து, வெள்ளம் தென்கரைப் பக்கம் ஒதுங்கியிருந்தது. அங்கே மணல் அரித்துப்போக, வடகரையில் ஏறியது. கை ஆற்றைத் தள்ளியிருக்கிறது.

சென்னைக்குப் போய், பழைய அத்தியாயத்தோடு இரண்டு அட்டவணைகளையும் பேராசிரியர் முன் வைத்தேன். அவர் முதலில் பழையதைப் பார்த்தார். பிறகு புதியதை. மின்விசிறி சுற்றியது. வராந்தாவில் இரண்டு நிழல்கள்.

"இந்தப் பதினாறரை?"

"முழம் சார்."

"முழம் என்றால் எத்தனை சென்டிமீட்டர்?"

"யார் முழம் என்று சொல்ல வேண்டும் சார்."

அவர் சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. பழைய அத்தியாயத்தை எடுத்து, ‘மிக நன்று’ என்பதை ரப்பரால் நிதானமாக அழித்தார். ரப்பர் தூளை ஊதிவிட்டார்.

"இதை வைத்துப் பட்டம் தர முடியாது. பாதி அளவு மனிதர்களின் ஞாபகம்."

"சரி சார்."

"ஆய்வகத்துக்கும் உன்னை அனுப்ப முடியாது. உன் அளவு முழுசாகத் தப்பு என்று நீயே கண்டுபிடித்து வந்திருக்கிறாய். இன்னொரு மழை பார். இந்த அட்டவணை பின்னிணைப்பில் இருக்கட்டும். சொன்னது யார் என்று ஒரு பத்தி சேர்." வாசலைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "அங்கே நிற்கிறவர்களும் உள்ளே வாருங்கள். எந்த ஆறு வேண்டும் உங்களுக்கு?"

என் பட்டம் ஓராண்டு தள்ளிப்போயிற்று. அடுத்த ஆவணியில் அதே முளைகளை அதே இடத்தில் நட்டேன். சாய்ந்தால் விடுங்கள், புதைந்தால் விடுங்கள், அடித்துக்கொண்டு போனாலும் விடுங்கள் என்று மூன்று முறை சொன்னேன். விவசாயி தலையாட்டினார். ஆனால் அந்தப் பெண்மணியின் முகம் தெளியவில்லை. "பாத்துக்கினே எப்படிம்மா போறது?" என்று ஒரு தரம் கேட்டார்.

மார்கழி முடிவில் விடுதிக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதியவர், சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தார். முளை எண்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றுக்கும் எதிரே நிலை. சாய்ஞ்சிது. பொதைஞ்சிது. காணோம். நிக்குது. என்னைவிட நல்ல பட்டியல். அதற்குக் கீழே, இடம் போதாமல் ஓரமாகத் திருப்பி எழுதிய இரண்டு வரி:

‘ஒண்ணையும் தொடல டீச்சர்ம்மா. பாத்துக்கினே போறோம், மனசு கேக்கல. சீக்கிரம் வந்து அளந்துக்கோ, நாங்க நிமித்தணும்.’